ஹெட்போனில் கியூ கேட்பது: டிஜே மென்பொருள், கன்ட்ரோலர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக டிஜே பழகுகிறவர்களுக்குப் பாட்டு ஓட்டுவது சீக்கிரம் பிடிபட்டுவிடும். சிக்கல் ஹெட்போனில்தான் வரும். ஸ்பீக்கரில் வருவதே ஹெட்போனிலும் வருகிறது, இல்லை ஒன்றுமே வரவில்லை, இல்லை வருகிறது ஆனால் தாமதமாக வருகிறது. மூன்றுக்கும் காரணம் ஒலி போகும் வழி எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான். அந்த வழி புரிந்துவிட்டால் எந்த மென்பொருளிலும், அதை இயக்கும் கருவியான எந்தக் கன்ட்ரோலரிலும் நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

ஸ்பீக்கரில்தான் எல்லாம் கேட்கிறதே, ஹெட்போன் எதற்கு?

கூட்டம் கேட்பது இப்போது ஓடும் பாட்டு. நீங்கள் கேட்க வேண்டியது அடுத்து வரப்போகும் பாட்டு. அது எங்கே தொடங்குகிறது, வேகம் பொருந்துகிறதா, சத்தம் கூடுதலா குறைவா, ஸ்வரம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதெல்லாம் கூட்டத்தின் காதில் விழாமல் நடக்க வேண்டும். அதற்காகத்தான் பாட்டுகளைக் கலக்கும் கருவியான மிக்சரிலிருந்து மாஸ்டர், கியூ என்று இரண்டு தனி ஒலிகள் புறப்படுகின்றன. மாஸ்டர் ஸ்பீக்கருக்கும் கியூ ஹெட்போனுக்கும் போகும்.

இன்று எல்லா மிக்சரிலும் இருக்கும் இந்த வசதி ஒரு காலத்தில் ஆளாளுக்குச் செய்துகொண்ட ஒன்று. நியூயார்க்கில் அலெக்ஸ் ராஸ்னர் 1971-இல் ‘ரோசி’ என்ற மிக்சரை ஒரு கிளப்புக்காகத் தன் கையாலேயே உருவாக்கினார். அதில் ஒரு பாட்டு ஓடும்போது இன்னொன்றை ஹெட்போனில் கேட்க முடிந்தது. சில ஆண்டுகள் கழித்து கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், தன்னிடமிருந்த கருவியில் கியூ இல்லாததால் ஒரு சுவிட்சை இணைத்து அதே வசதியைச் செய்துகொண்டார். ஹெட்போனில் தனியாகக் கேட்கும் வழி இல்லாமல் டிஜே கலை இவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

கன்ட்ரோலரில் கியூ என்று இரண்டு இடத்தில் பட்டன் இருக்கிறது. எதை அழுத்துவது?

பாட்டை முன்பின் தள்ளும் வட்டத் தட்டான ஜாக் வீலுக்குக் கீழே பிளே பட்டன் பக்கத்தில் இருப்பது பாட்டைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோகும் கியூ. அதற்கும் ஹெட்போனுக்கும் சம்பந்தம் இல்லை. நடுவில் மிக்சர் பகுதியில், ஒவ்வொரு சேனலின் (ஒரு பாட்டின் ஒலி போகும் தனி வழி) சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு அருகே இருப்பதுதான் ஹெட்போன் கியூ. பெரும்பாலும் அதில் சின்ன ஹெட்போன் படம் போட்டிருக்கும். அதை அழுத்தி விளக்கு எரிந்தால் அந்தச் சேனல் ஹெட்போனில் வரும்.

இரண்டு சேனலிலும் கியூ எரிந்தால் இரண்டும் சேர்ந்து கேட்கும். குழப்பத்தின் பாதி இதனால்தான். ஒரு பாட்டு கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அதன் கியூவை அணைத்துவிடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேடர் கீழே இருக்கிறது, ஆனாலும் ஹெட்போனில் கேட்கிறது. சரியா?

சரி. அப்படித்தான் கேட்க வேண்டும். கியூ ஒலி சேனல் ஃபேடருக்கும், ஒரு பாட்டிலிருந்து மற்றதற்கு மாற்றும் கிராஸ்ஃபேடருக்கும் முன்னாலேயே எடுக்கப்படுகிறது. மிக்சர் கையேடுகளில் பிஎஃப்எல் (ப்ரீ-ஃபேடர் லிசன்) என்று போட்டிருப்பது இதைத்தான்.

ஆனால் பெரும்பாலான டிஜே மிக்சர்களிலும் மென்பொருள்களிலும், சேனலின் ஒலி அளவைச் சரிசெய்யும் டிரிம் நாப் (திருகு), பாஸ் போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ இரண்டையும் தாண்டிய பிறகே கியூ எடுக்கப்படும். இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அடுத்த பாட்டின் பாஸை முழுக்கக் குறைத்து வைத்தால் அது கூட்டத்தில் எப்படி நுழையும் என்பதை ஹெட்போனிலேயே கேட்டுவிடலாம். டிரிம்மையும் அப்போதே சரிசெய்யலாம். கியூவில் பாட்டு ஓடும்போது சேனல் மீட்டரைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் மீட்டர் எந்த உயரத்தில் ஆடுகிறதோ அதே உயரத்துக்கு இதையும் கொண்டுவந்துவிட்டால், ஃபேடரை ஏற்றும்போது சத்தம் திடீரென்று எகிறாது.

கியூ மிக்ஸ் நாப்பை எங்கே வைப்பது?

ஹெட்போன் பகுதியில் பொதுவாக இரண்டு நாப் இருக்கும். ஒன்று ஹெட்போன் சத்தம். மற்றது ஒரு பக்கம் கியூ, மறு பக்கம் மாஸ்டர் என்று எழுதிய மிக்ஸ் நாப். முழுக்கக் கியூ பக்கம் திருப்பினால் அடுத்த பாட்டு மட்டும், முழுக்க மாஸ்டர் பக்கம் திருப்பினால் கூட்டத்துக்குப் போவது மட்டும் ஹெட்போனில் வரும். நடுவில் இரண்டும் கலந்து வரும். சில கன்ட்ரோலர்களில் மாஸ்டர் கியூ என்று ஒரு பட்டனும் உண்டு. நாப் கியூ பக்கமே இருந்தாலும் அதை அழுத்தினால் மாஸ்டரும் சேர்ந்துகொள்ளும்.

நாப்பை ஒரே இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுவது நல்லதல்ல. ஒரு மாற்றத்தின்போதே அதன் இடம் இரண்டு மூன்று முறை மாறும். இடது டெக்கில் (பாட்டை ஏற்றி ஓட்டும் பகுதி) 128 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 128 அடி, உள்ள பாட்டு ஓடுகிறது, வலது டெக்கில் அடுத்ததை ஏற்றியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதலில் நாப் முழுக்கக் கியூ பக்கம். முதல் கிக் (பாஸ் டிரம்மின் அடி) எங்கே விழுகிறது, தாளம் எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகக் கேட்டு அந்த இடத்தில் நிறுத்துங்கள். இடது பாட்டில் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் நொடியில் வலதை ஓடவிட்டு, நாப்பை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது இரண்டு கிக்குகளும் ஒரே காதுக்குள் கேட்கும். பொருந்தியிருந்தால் ‘டக்’ என்று ஒரே அடி. கொஞ்சம் விலகினால் ‘டடக்’ என்று இரட்டித்துக் கேட்கும்.

அந்த விலகல் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்கு. 128 பிபிஎம்மில் ஒரு அடிக்கு 468.75 மில்லிசெகண்ட். இன்னொரு பாட்டு 128.1-இல் ஓடினால் ஒரு அடிக்கு 0.37 மில்லிசெகண்ட்தான் வித்தியாசம், யார் காதுக்கும் தெரியாது. ஆனால் 64 அடி போனதும், அதாவது அரை நிமிடத்தில், அது 23 மில்லிசெகண்டாகச் சேர்ந்து இரட்டை அடியாகிவிடும். அதனால் ஃபேடரை ஏற்றும் முன் சில நொடிகள் மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு முழுச் சுற்று ஓடவிட்டுக் கேளுங்கள்.

ஃபேடரை ஏற்றிய பிறகு நாப்பை மாஸ்டர் பக்கம் கொஞ்சம் திருப்பிக் கலவையைக் கேட்கலாம். அப்புறம் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கூட்டம் கேட்பதையே நீங்களும் கேளுங்கள்.

ஒரு காதில் மட்டும் ஹெட்போன் வைத்துக் கேட்பதா, இரண்டிலுமா?

எல்லா வழியும் சரியானதே. இடத்துக்கு ஏற்ப மாறும்.

ஒரு காதில் கியூ, மறு காது திறந்த நிலையில் ஸ்பீக்கர் என்பது பழைய வழி. பக்கத்தில் நல்ல பூத் ஸ்பீக்கர் (டிஜே கேட்பதற்கென்றே வைக்கும் ஸ்பீக்கர்) இருந்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. இரண்டு காதிலும் வைத்து மிக்ஸ் நாப்பால் கலந்து கேட்பது, பூத் ஸ்பீக்கர் இல்லாத இடத்துக்கும் எதிரொலிக்கும் அரங்குக்கும் ஏற்றது. வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது பழகவும் இதுதான் வழி.

மூன்றாவது, ஸ்பிளிட் கியூ. ஹெட்போனின் ஒரு காதில் கியூ, மறு காதில் மாஸ்டர், இரண்டும் மோனோவாக வரும். பல மிக்சர்களில் ஸ்டீரியோ, மோனோ ஸ்பிளிட் என்று இதற்கென ஒரு சுவிட்ச் இருக்கிறது. மிக்ஸ் (Mixxx) என்ற இலவச மென்பொருளில் ஹெட்போன் நாப் பக்கத்திலேயே ஸ்பிளிட் பட்டன் உண்டு. எது எந்தப் பாட்டு என்று பிரித்தறிவது புதியவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அவர்களுக்கு ஸ்பிளிட் கியூவைத்தான் நான் முதலில் சொல்வேன். கலந்து கேட்கும்போது ‘எது பின்தங்குகிறது’ என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. ஸ்பிளிட்டில் இடது காது முந்துகிறதா வலது காது முந்துகிறதா என்று உடனே தெரியும்.

குறை ஒன்று உண்டு. ஸ்டீரியோ அகலம் போய்விடும். இடது, வலது அலைகள் ஒன்றுக்கொன்று நேரெதிராக இருக்கும் சில ஒலிகள் மோனோவாகும்போது மெலிந்து கேட்கும். பாட்டின் ஒலித்தரத்தை எடைபோடும்போது ஸ்டீரியோவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலர் இல்லை, லேப்டாப் மட்டும்தான். கியூ கேட்க முடியுமா?

லேப்டாப்பில் பொதுவாக ஒரே ஒரு ஸ்டீரியோ வெளியீடுதான் இருக்கும். உங்களுக்குத் தேவை இரண்டு ஸ்டீரியோ வெளியீடு, அதாவது நான்கு சேனல். 1, 2 மாஸ்டருக்கு. 3, 4 ஹெட்போனுக்கு. சவுண்ட் கார்டு உள்ள கன்ட்ரோலருக்குள் இருப்பதும் இந்த நான்கு சேனல் அமைப்புதான். கன்ட்ரோலர் இல்லாவிட்டால் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, நான்கு வெளியீடு உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு. சுத்தமானது, நம்பகமானது, முடிந்தால் இதையே செய்யுங்கள். வாங்கும்முன் ஹெட்போன் ஜாக்குக்கு 3, 4 சேனலை அனுப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். பாடல் பதிவுக்காகச் செய்யப்பட்ட பல சவுண்ட் கார்டுகளில் ஹெட்போன் ஜாக் இருந்தாலும் அது மாஸ்டரின் நகல் மட்டுமே.

இரண்டாவது வழி, லேப்டாப்பின் சொந்த வெளியீட்டோடு ஒரு சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டைச் சேர்த்து இரண்டையும் ஒரே மென்பொருளில் பயன்படுத்துவது. மேக்கில் ஆடியோ மிடி செட்அப்பில் அக்ரிகேட் டிவைஸ் என்று உருவாக்கினால் இரண்டும் ஒரே கருவி போலத் தெரியும். விண்டோஸில் ஆசியோ4ஆல் என்ற டிரைவரால் இதைச் செய்யலாம். சில மென்பொருள்கள் தாமாகவே இரண்டு கருவிகளை ஏற்றுக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சவுண்ட் கார்டுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. இரண்டும் நொடிக்கு 44,100 சாம்பிள் என்று சொன்னாலும் மிகச் சரியாக ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்ட் விலகிவிடும். நடைமுறையில் அது ஹெட்போனில் ‘டிக்’ சத்தமாகவோ, நேரம் போகப்போகக் கூடும் தாமதமாகவோ வெளிப்படும். மேக்கில் அக்ரிகேட் டிவைஸ் உருவாக்கும்போது இரண்டாவது கருவிக்கு டிரிஃப்ட் கரெக்ஷன் என்பதைக் குறியிடுங்கள். பயிற்சிக்கு இந்த வழி போதும். நிகழ்ச்சிக்கு எடுத்துப்போகாதீர்கள்.

மூன்றாவது வழி ஸ்பிளிட்டர் கேபிள்.

எந்த ஸ்பிளிட்டர் கேபிள்? இரண்டு பேர் பாட்டு கேட்பதற்கான ஒய் கேபிள் போதாதா?

போதாது. அந்தக் கேபிள் ஒரே ஒலியை இரண்டு பேருக்கும் பகிர்கிறது. டிஜே ஸ்பிளிட்டர் கேபிள் ஸ்டீரியோ ஜாக்கின் இடதையும் வலதையும் பிரித்து, ஒன்றை ஸ்பீக்கருக்கும் மற்றதை ஹெட்போனுக்கும் தனித்தனி மோனோவாக அனுப்பும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ‘டிஜே ஸ்பிளிட்டர்’ என்று கேட்டு வாங்குங்கள்.

கேபிள் மட்டும் போதாது. மென்பொருளுக்குள்ளும் ஸ்பிளிட் அவுட்புட் முறையைப் போட வேண்டும். டிஜே செயலிகள் பலவற்றில் இது இருக்கிறது, அல்காரிதிம் நிறுவனத்தின் ‘டிஜேய்’ அதில் நன்கு அறியப்பட்டது. பயோனியர் டிஜேயின் டிடிஜே-200 போன்ற, உள்ளே சவுண்ட் கார்டே இல்லாத கன்ட்ரோலர்களும் போனிலிருந்து இந்தக் கேபிள் வழியாகவே கியூ தருகின்றன. கூட்டத்துக்குப் போவதும் மோனோதான் என்பதை ஏற்றுக்கொண்டால் தொடக்கத்துக்கு நல்ல வழி.

ஒவ்வொரு மென்பொருளிலும் எங்கே அமைப்பது?

எல்லாவற்றிலும் நீங்கள் தேடுவது ஒரே விஷயம். மாஸ்டருக்கு எந்த ஜோடி, ஹெட்போனுக்கு எந்த ஜோடி?

மிக்ஸில் விருப்பங்களுக்குள் சவுண்ட் ஹார்ட்வேர் பகுதியில் மெயின், ஹெட்போன்ஸ் என்று தனித்தனி வரிகள் இருக்கும். மெயினுக்கு 1-2, ஹெட்போன்ஸுக்கு 3-4 கொடுங்கள். ட்ராக்டரில் அவுட்புட் ரூட்டிங் பக்கத்துக்குப் போய், மிக்சிங் முறையை இன்டர்னல் என்று வைத்து, அவுட்புட் மானிட்டர் என்பதற்கு ஹெட்போன் ஜோடியைக் கொடுக்க வேண்டும். வர்ச்சுவல் டிஜேயில் அமைப்புகளின் ஆடியோ பக்கத்தில் மாஸ்டர், ஹெட்போன் இரண்டும் படமாகவே தெரியும். ரெகார்ட்பாக்ஸில் பர்ஃபார்மன்ஸ் முறைக்கு மாறிய பிறகு, ஆடியோ விருப்பங்களில் கன்ட்ரோலரைக் கருவியாகத் தேர்ந்தெடுத்தால் மீதி பெரும்பாலும் தானாக அமைந்துவிடும்.

செராட்டோவின் அணுகுமுறை வேறு. ஆதரவுள்ள கன்ட்ரோலரைச் செருகினால் அதுவே எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளும். கருவி இல்லாமல் பயிற்சி முறையில் திறக்கலாம், ஆனால் அதில் ஹெட்போன் கியூ கிடையாது.

எல்லாம் செருகியாயிற்று. ஸ்பீக்கரில் வருவதே ஹெட்போனிலும் வருகிறது. என்ன செய்வது?

முதலில் ஹெட்போன் எதில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். லேப்டாப் ஜாக்கில் அல்ல, கன்ட்ரோலரின் ஜாக்கில் இருக்க வேண்டும். அடுத்து மிக்ஸ் நாப். அது மாஸ்டர் பக்கம் இருந்தால் இப்படித்தான் இருக்கும். பிறகு சேனல் கியூ விளக்குகள். இந்த மூன்றிலேயே பெரும்பாலான வழக்குகள் முடிந்துவிடும்.

இல்லையென்றால் மென்பொருளின் ஆடியோ அமைப்பில் மாஸ்டருக்கும் ஹெட்போனுக்கும் ஒரே ஜோடி கொடுக்கப்பட்டிருக்கலாம். விண்டோஸில் கன்ட்ரோலருக்கான ஆசியோ டிரைவரை நிறுவாமல், பொது டிரைவரில் ஓட்டினால் சில கருவிகள் இரண்டு சேனல் மட்டுமே காட்டும். தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவி, மென்பொருளை மூடித் திறந்தால் 3, 4 வந்து நிற்கும்.

ஹெட்போனில் ஒன்றுமே வராவிட்டால் டிரிம் நாப் கீழே கிடக்கிறதா என்று பாருங்கள். கியூ டிரிம்மைத் தாண்டித்தான் வருகிறது, மேலே சொன்னபடி.

ஹெட்போன் கன்ட்ரோலரில், ஒலி லேப்டாப் ஸ்பீக்கரில். இப்படி வைக்கலாமா?

வைக்கலாம். ரெகார்ட்பாக்ஸில் பிசி மாஸ்டர் அவுட் என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது. மாஸ்டர் லேப்டாப் ஸ்பீக்கருக்கும் கியூ கன்ட்ரோலருக்கும் போகும். இரண்டு வேறு கருவிகள் என்பதால் ஸ்பீக்கர் ஒலி சற்றே பின்தங்கக்கூடும். ஒரு காதால் ஸ்பீக்கரைக் கேட்டுப் பீட் பொருத்தாமல், மிக்ஸ் நாப்பை நடுவில் வைத்து ஹெட்போனுக்குள்ளேயே பொருத்துங்கள்.

புளூடூத் ஹெட்போன் வைத்து மிக்ஸ் செய்யலாமா?

கியூவுக்கு வேண்டாம். சாதாரண புளூடூத் ஒலி 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதமாக வரும். 128 பிபிஎம்மில் 200 மில்லிசெகண்ட் என்பது ஏறக்குறைய அரை அடி. பிளே பட்டனை அழுத்தினால் ஒலி அரை அடி கழித்து வருகிறது, ஜாக் வீலைத் தள்ளினால் விளைவு பிறகுதான் கேட்கிறது. கை செய்வதும் காது கேட்பதும் பொருந்தாத நிலையில் பழகினால் தவறான கைப்பழக்கமே படியும்.

மாஸ்டர், கியூ இரண்டையுமே புளூடூத் ஹெட்போனுக்குள் கலந்து கேட்டால் இரண்டும் ஒரே அளவு தாமதமாவதால் பீட் பொருந்துவதுபோலக் கேட்கும். சும்மா ஒரு கலவையைக் கேட்டுப் பார்க்க அது போதும். கையால் பொருத்த அது உதவாது.

கம்பியில்லாமல்தான் வேண்டுமென்றால் டிஜேக்களுக்கென்றே தனி அலைமுறையில் இயங்கும் ஹெட்போன்கள் வந்திருக்கின்றன. ஆல்ஃபாதீட்டா 2024-இல் அறிவித்த எச்டிஜே-எஃப்10, கன்ட்ரோலரில் செருகும் தனி டிரான்ஸ்மிட்டருடன் சுமார் 9 மில்லிசெகண்ட் தாமதத்தில் இயங்குவதாக நிறுவனம் சொல்கிறது. அந்த அளவு தாமதம் கைக்குத் தெரியாது.

பஃபர் அளவு எவ்வளவு வைப்பது?

பஃபர் என்பது ஒலியை வெளியே அனுப்பும் முன் கணினி சேர்த்து வைக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கை. 44,100 சாம்பிள் வேகத்தில் 512 பஃபர் என்றால் சுமார் 11.6 மில்லிசெகண்ட், 256 என்றால் 5.8, 128 என்றால் 2.9. டிரைவரும் யுஎஸ்பியும் கொஞ்சம் கூட்டும். 256-இல் தொடங்குங்கள். ‘டிக் டிக்’ என்று ஒலி உடைந்தால் 512-க்கு ஏற்றுங்கள். ஸ்கிராட்ச் செய்கிறவர்கள் 128-க்கு இறங்குவார்கள். பீட் மட்டும் பொருத்துகிறவர்கள் எண்ணைக் குறைப்பதற்காக லேப்டாப்பை வதைக்க வேண்டியதில்லை.

வீட்டில் சரியாகப் பொருந்துகிறது, பெரிய அரங்கில் ஒவ்வொரு முறையும் விலகுகிறதே?

பெரும்பாலும் தூரம்தான் காரணம். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது. முக்கிய ஸ்பீக்கர் 15 மீட்டர் தள்ளி இருந்தால் உங்கள் திறந்த காதுக்கு வருவது 44 மில்லிசெகண்ட் பழைய ஒலி. ஹெட்போனில் இருப்பதோ இந்த நொடியின் ஒலி. அந்த இரண்டையும் பொருத்தினால் கூட்டத்துக்கு ‘டடக்’ போகும்.

பூத் ஸ்பீக்கர் இதற்காகத்தான். அது காதுக்கு ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும், கன்ட்ரோலரின் பூத் வெளியீட்டிலிருந்து தனி நாப்பில் ஒலி வர வேண்டும். பூத் வெளியீடு இல்லாத கன்ட்ரோலரா, மேடையில் மானிட்டரே வைக்கவில்லையா? மிக்ஸ் நாப் நடுவில், அல்லது ஸ்பிளிட் கியூ, இரண்டு காதிலும் ஹெட்போன். அறையை மறந்துவிடுங்கள். ஒலி அமைப்பாளர் மாஸ்டருக்குத் தனியாக டிலே (தாமதம்) போட்டிருந்தாலும் இதே வழிதான் காப்பாற்றும்.

வெளி மிக்சரோடு மென்பொருளை இணைத்தால் கியூ யாருடைய வேலை?

மிக்சருடையது. மென்பொருளை எக்ஸ்டர்னல் முறைக்கு மாற்றினால் ஒவ்வொரு டெக்கும் தனித்தனி ஜோடியாக மிக்சரின் சேனலுக்குப் போகும். அங்கேயே கியூ பட்டன், மிக்ஸ் நாப் எல்லாம் இருக்கும். மென்பொருள் இன்டர்னல் முறையிலேயே இருந்துவிட்டால் எல்லாப் பாட்டும் மிக்சரின் ஒரே சேனலில் கலந்து வரும். எந்தக் கியூவை அழுத்தினாலும் பிரியாது.

டெக்கில் ஏற்றாமலே பாட்டைக் கேட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். மிக்ஸில் பிரிவியூ டெக், ட்ராக்டரில் பிரிவியூ பிளேயர் இருக்கின்றன. இவை ஹெட்போன் வெளியீட்டில் மட்டும் கேட்கும். ஆனால் ஹெட்போன் ஜோடியைச் சரியாக அமைத்துவிட்டீர்களா என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே உறுதிசெய்யுங்கள். பிரிவியூ தவறி மாஸ்டரில் போனால் கூட்டம் முழுக்கக் கேட்டுவிடும். கிளப் கருவிகளில், சிடிஜே-3000 பிளேயரின் தொடுதிரையில் ஓடும் பாட்டின் வேறொரு பகுதியைத் தொட்டால் அந்தப் பகுதி மட்டும் ஹெட்போனில் வரும். நெட்வொர்க்கில் இணைந்த, லிங்க் கியூ உள்ள மிக்சர் இதற்குத் தேவை.

இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒரே கியூவைத்தான் கேட்க வேண்டுமா?

கன்ட்ரோலரில் 3.5 மி.மீ., 6.3 மி.மீ. என்று இரண்டு ஜாக் இருந்தாலும் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே ஒலிதான். டிஜேஎம்-வி10, டிஜேஎம்-ஏ9 போன்ற மிக்சர்களில் ஏ, பி என்று இரண்டு தனிக் கியூ பகுதிகள் இருக்கின்றன. ஒருவர் மிக்ஸ் செய்துகொண்டிருக்க, மற்றவர் அடுத்த பாட்டைத் தன் ஹெட்போனில் தயார் செய்யலாம்.

பதிவு செய்யும்போது கியூ ஒலியும் பதிவாகுமா?

ஆகாது. மென்பொருளின் பதிவு பட்டன் மாஸ்டரை மட்டும் எடுக்கும்.

எப்படிப்பட்ட ஹெட்போன் வாங்குவது?

மூடிய கோப்பை உள்ளது, காதை நன்றாக அழுத்தி வெளிச் சத்தத்தைத் தடுப்பது, ஒரு பக்கத்தைத் திருப்பிக் காதிலிருந்து விலக்க முடிவது, கேபிள் கழன்று மாற்றக்கூடியது. இவ்வளவுதான். 1988-இல் வந்த சென்ஹைசர் எச்டி 25 இன்றும் டிஜே மேடைகளில் தென்படுவதற்குக் காரணம், அதன் எடை குறைவு, தடுப்பு அதிகம், உடைந்த பாகத்தை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பாஸ் அதிகமாக ஒலிக்கும் ஹெட்போன் கேட்க இனிமையாக இருக்கும். பீட் பொருத்தும்போது கிக்கின் கூர்மையான முனையும் ஹை-ஹேட்டும் தெளிவாகக் கேட்பதே முக்கியம்.

இம்பீடன்ஸையும் (ஓமில் சொல்லும் மின் எதிர்ப்பு) பாருங்கள். யுஎஸ்பி மின்சாரத்திலேயே இயங்கும் கன்ட்ரோலர்களின் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் சிறியது. 250 ஓம் ஸ்டுடியோ ஹெட்போனை அதில் மாட்டினால் முழுக்கத் திருப்பியும் சத்தம் போதாது. 32 முதல் 70 ஓம் வரை உள்ளவை பொதுவாகப் பொருந்தும். எச்டி 25 என்பது 70 ஓம்.

ஹெட்போன் சத்தம் எவ்வளவு வைக்கலாம்?

முடிந்தவரை குறைவாக. இதில் நான் சமரசம் செய்ய மாட்டேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் 15 நிமிடம். உரத்த பூத்தில் அதற்கும் மேலே கேட்கும்படி ஹெட்போனைத் திருப்பினால் 100-ஐ எட்டுவது வெகு சுலபம். காது கேட்கும் திறன் போனால் திரும்பாது.

கியூ கேட்கவில்லை என்றால் ஹெட்போனை ஏற்றும் முன் பூத் சத்தத்தை இறக்குங்கள். மாற்றம் முடிந்ததும் ஹெட்போன் நாப்பைக் குறைத்துவிடுங்கள், அடுத்த முறை கீழிருந்து ஏற்றலாம். ஹெட்போனைச் செருகும் முன்னும் நாப் கீழே இருக்கட்டும். திறந்த காதில் ஒலியைச் சீராகக் குறைக்கும் இசைக்கான காதடைப்பான் போட்டுக்கொண்டால், மறு காதில் கியூவையும் குறைந்த சத்தத்தில் கேட்க முடியும்.

சிங்க் பட்டன் இருக்கிறது. இனி கியூ எதற்கு?

சிங்க் வேகத்தையும், பீட்கிரிட்படி (அடிகள் விழும் இடங்களுக்கு மென்பொருள் போடும் கோடுகள்) அடிகளையும் மட்டும் பொருத்தும். பீட்கிரிட் தவறாக விழுந்த பாட்டை அது தவறாகவே பொருத்தும், அதைக் கண்டுபிடிக்கக் காது வேண்டும். பழைய பதிவுகளில் தாளம் மனிதர் வாசித்தது என்பதால் வேகம் கொஞ்சம் கூடிக் குறையும், அங்கேயும் கிரிட் தடுமாறும். அப்புறம், பாடகர் பாடத் தொடங்கும் இடத்தில் இன்னொரு பாடகர் பாடிக்கொண்டிருக்கிறாரா, இரண்டு பாஸ் மோதுகின்றனவா என்பதைச் சிங்க் சொல்லாது.

நிகழ்ச்சி நடுவில் ஹெட்போன் செத்துவிட்டால்?

முதலில் கேபிளையும் அடாப்டரையும் ஆட்டிப் பாருங்கள். ஹெட்போனைவிட அவைதான் அதிகம் பழுதாகும். சரியாகவில்லையென்றால் போனுக்கு வைத்திருக்கும் கம்பி இயர்போனைக் கன்ட்ரோலரில் செருகுங்கள், கியூவுக்கு அது தாராளமாகப் போதும். அதுவும் இல்லையென்றால் நன்கு தெரிந்த, முன்பே ஹாட் கியூ (நேராகத் தாவிச் செல்லக் குறித்துவைக்கும் புள்ளி) போட்டுவைத்த பாட்டுகளை மட்டும் எடுங்கள். சிங்க்கைப் போட்டு, அலைவடிவத்தில் இரண்டு கிக்குகளும் நேராக நிற்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பாஸை முழுக்கக் குறைத்து வைத்து ஃபேடரை மெதுவாக ஏற்றுங்கள். கொஞ்சம் விலகியிருந்தாலும் பாஸ் இல்லாதபோது கூட்டத்துக்கு அவ்வளவாகத் தெரியாது, அந்த நேரத்துக்குள் ஜாக் வீலில் சரிசெய்துவிடலாம். 3.5-லிருந்து 6.3-க்கான அடாப்டர் இரண்டும், ஒரு கம்பி இயர்போனும் பையில் நிரந்தரமாக இருந்தால் இந்த நிலைமை அநேகமாக வராது.